மாருதி 800: டைமிங் பெல்ட்டை வீட்டிலேயே மாற்றுவது

டைமிங் பெல்ட் என்பது கிராங்கையும் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) கேமையும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒத்துச் சுற்றவைக்கும் பல் பெல்ட். பழைய மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினில் அதை மாற்ற, புல்லியை இழுத்தெடுக்கும் புல்லரோ, தண்டுகளை அசையாமல் பூட்டும் லாக்கிங் கருவியோ தேவையில்லை. கிராங்க் புல்லியைப் பிடித்திருப்பவை சுற்றியுள்ள சின்ன போல்ட்டுகள்தான். நடு போல்ட்டைக் கழற்ற வேண்டாம். ரிங் ஸ்பேனர், சாக்கெட் செட், ஜாக்கி, ஸ்டாண்டு, கொஞ்சம் வெள்ளை பெயின்ட் போதும். பெல்ட்டோடு டென்ஷனரையும் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை) வாங்கிவிடுங்கள். அதன் பேரிங் இறுகினால் புது பெல்ட்டும் போய்விடும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பேட்டரி நெகட்டிவையும் மூன்று ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுங்கள். பிளக் இல்லாவிட்டால் எஞ்சின் லேசாகச் சுற்றும். ஃபேன் பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே வாட்டர் பம்ப் புல்லி போல்ட்டுகளை இளக்குங்கள். பெல்ட் போனபின் புல்லியும் கூடவே சுற்றும். போல்ட்டை இளக்கும்போது கிராங்க் புல்லியும் சேர்ந்து சுற்றினால் நாலாவது கியரில் போட்டு, ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். பிறகு மறக்காமல் நியூட்ரல்.

புல்லிகளையும் டைமிங் பெல்ட் கவரையும் கழற்றியதும் கிராங்கின் நடு போல்ட்டில் சாக்கெட் போட்டு, கடிகாரச் சுற்றில் மட்டும் திருப்புங்கள். கிராங்க் பல்சக்கரத்தின் புள்ளி ஆயில் பம்ப் உடம்பில் உள்ள குறிக்கும், கேம் பல்சக்கரத்தின் குறி அதற்குரிய வெட்டுக்கும் நேராக வர வேண்டும். கேம் குறி எதிர்ப்புறம் நின்றால் கிராங்கை இன்னொரு முழுச்சுற்று திருப்புங்கள். பழைய பெல்ட்டிலும் பல்சக்கரங்களிலும் பெயின்ட் கோடு போட்டு, பல் எண்ணி, புது பெல்ட்டிலும் அதே இடங்களில் கோடு போடுங்கள். பற்களின் மொத்த எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் கடைக்காரர் வேறு பெல்ட் கொடுத்துவிட்டார்.

பெல்ட்டை எடுத்ததும் வால்வு ஸ்பிரிங் தள்ளி கேம் சட்டென்று நகரலாம். வால்வு இடைவெளியை வைக்கும் டேப்பட் ஸ்க்ரூக்களை முன்பே தளர்த்தினால் நகராது. ஆனால் கடைசியில் இடைவெளியை மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும். பெல்ட் இல்லாதபோது கேமையோ கிராங்கையோ தனியாகச் சுற்றாதீர்கள், வால்வு பிஸ்டனில் இடிக்கும். பல்சக்கரங்களுக்குப் பின்னால் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் அங்குள்ள ஆயில் சீலை மாற்றாமல் புது பெல்ட் போடுவது வீண். கிராங்க் சீல் என்றால் நடு போல்ட்டும் கழல வேண்டும். அது ஒர்க்‌ஷாப் வேலை.

புது பெல்ட்டைக் கிராங்கில் தொடங்கி மாட்டுங்கள். தளர்வு முழுக்க டென்ஷனர் பக்கம் இருக்கட்டும். ஸ்பிரிங்கை மாட்டி, டென்ஷனரை இறுக்காமல், கையால் இரண்டு முழுச்சுற்று திருப்புங்கள். பாதியில் கெட்டியாகத் தட்டினால் பலம் போடாமல் நிறுத்துங்கள். குறிகள் மீண்டும் நேரானால்தான் இறுக்க வேண்டும். சுற்றாமல் இறுக்கினால் ஒளிந்திருந்த தளர்வு ஓட்டத்தில் வெளிவந்து பெல்ட் பல் தாண்டும். ஒரு பல் மாறினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். ஆனால் இழுவை இருக்காது, ஐடிலில் உதறும்.

ஸ்டார்ட் செய்ததும் ஊளைச் சத்தம் வந்தால் இறுக்கம் அதிகம், கவரில் அடிக்கும் சத்தம் வந்தால் தளர்வு. இரண்டுக்கும் டென்ஷனரை இளக்கி, மறுபடி இரண்டு சுற்று.