நீளம் எண்ணுவதை நிறுத்துங்கள்: டிரையத்லான் நீச்சலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் டிரையத்லான் போட்டிக்கு வருபவர்களில், நான் பார்த்தவரை, பெரும்பாலானவர்கள் ஓட்டக்காரர்கள். சைக்கிளிலிருந்து கொஞ்சம் பேர் வருவார்கள். நீச்சலிலிருந்து வருபவர்கள் அபூர்வம், அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையும் இல்லை. நான் முதல் வகை. சின்ன வயதில் ஊர்க் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியவன். அந்தத் தைரியத்தில் முப்பத்தேழு வயதில் நீச்சல் குளத்தில் இறங்கினேன். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஐம்பது அறுபது நீளம் (குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு நீளம்). முதல் மாதம் 100 மீட்டருக்கு 2 நிமிடம் 35 விநாடி ஆனது. ஒரு வருடம் விடாமல் நீந்திய பிறகு 2 நிமிடம் 33 விநாடி.

ஒரு வருட உழைப்புக்கு இரண்டு விநாடி. ஓட்டத்தில் இப்படி நடக்காது. புதிதாக ஓட ஆரம்பித்தவர் சும்மா ஓடிக்கொண்டிருந்தாலே ஒரு வருடத்தில் நன்றாக முன்னேறிவிடுவார். தண்ணீரின் கணக்கு வேறு. காற்றைப் போல சுமார் 800 மடங்கு அடர்த்தி கொண்டது தண்ணீர். வேகம் கூடக் கூட அதன் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். பத்து சதவீதம் வேகமாக நீந்த வேண்டுமானால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சக்தி வேண்டும். உடல்தகுதியை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால், ஏற்றியதையெல்லாம் தண்ணீர் விழுங்கிவிடும்.

எல்லா நாளும் ஒரே வேகம்

இதுதான் பெரிய தவறு. மற்றவை எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

குளத்துக்குப் போகிறோம், காகிள்ஸை மாட்டுகிறோம், 40 நீளம் முடித்து வெளியே வருகிறோம். வேகம் எப்போதும் நடுவாந்திரம். களைப்பு வரும் அளவுக்கு வேகம் உண்டு, முன்னேற்றம் வரும் அளவுக்கு இல்லை. அதோடு இருபதாவது நீளத்துக்கு மேல் கையும் தலையும் தம் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடும். அதன் பிறகு நாம் பழகுவதெல்லாம் கெட்ட நீச்சலைத்தான்.

இதிலிருந்து வெளியே வர முதலில் உங்கள் அளவு தெரிய வேண்டும். அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு, கிரிட்டிக்கல் ஸ்விம் ஸ்பீட், சுருக்கமாக சி.எஸ்.எஸ். பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, 400 மீட்டரை முழு முயற்சியோடு நீந்துங்கள். எட்டு பத்து நிமிடம் சாவகாசமாக மிதந்துவிட்டு, 200 மீட்டரை அதேபோல் நீந்துங்கள். இரண்டு நேரங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாதியாக்கினால் 100 மீட்டருக்கான உங்கள் சி.எஸ்.எஸ். வேகம் வந்துவிடும். என் முதல் சோதனையில் 400 மீட்டருக்கு 9 நிமிடம் 20 விநாடி, 200 மீட்டருக்கு 4 நிமிடம் 24 விநாடி ஆனது. வித்தியாசம் 4 நிமிடம் 56 விநாடி. அதில் பாதி 2 நிமிடம் 28 விநாடி.

இந்தச் சோதனையில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. 200 மீட்டரைச் சோம்பலாக நீந்தினால் வித்தியாசம் குறைந்து சி.எஸ்.எஸ். அழகாகத் தெரியும். அப்புறம் அந்த வேகத்தில் செட் போட (ஒரே தூரத்தைச் சிறு ஓய்வு விட்டுப் பல முறை நீந்த) முடியாமல் திணறுவோம். 400 மீட்டரின் கடைசி நூறில் விழுந்துபோனால் நேர்மாறாக ஆகும். உண்மையைவிட மெதுவான எண் கிடைத்து, செட் எல்லாம் சுலபமாகிவிடும்.

எண் கையில் வந்ததும் வாரத்தைப் பிரிக்கலாம். ஒரு நாள் சி.எஸ்.எஸ். வேகத்தில் 8 முறை 100 மீட்டர், நடுவே 15 விநாடி ஓய்வு. இன்னொரு நாள் 16 முறை 25 மீட்டர், ஒவ்வொன்றும் வேகமாக, ஓய்வு அரை நிமிடம். மூன்றாம் நாள் 3 முறை 400 மீட்டர், சி.எஸ்.எஸ்.ஸைவிட நூறுக்கு ஆறேழு விநாடி மெதுவாக. சென்னையில் பல குளங்களில் ஒரு பேட்ச் ஒரு மணி நேரம்தான். வார்ம்-அப்போடு சேர்த்தே இவை அதற்குள் அடங்கிவிடும்.

சுவரில் தொங்கிக்கொண்டு பேசுவது

செட் போடுபவர்கள்கூட ஓய்வைக் கணக்கில் வைப்பதில்லை. ஒரு நூறு முடிந்ததும் பக்கத்து லேன்காரரிடம் ஷூ விலை விசாரித்துவிட்டு, மூச்சு முழுதாகத் திரும்பியதும் அடுத்த நூறு. அது வேறு பயிற்சி ஆகிவிடுகிறது. சி.எஸ்.எஸ். செட்டின் பலனே அந்தக் குறைந்த ஓய்வில்தான் இருக்கிறது. நான் செய்வது இது: 2 நிமிடம் 28 விநாடி நீச்சல், 15 விநாடி ஓய்வு, ஆக 2 நிமிடம் 43 விநாடி; அதை முழுதாக்கி 2 நிமிடம் 45 விநாடிக்கு ஒருமுறை கிளம்புவது என்று வைத்துக்கொள்வேன். சீக்கிரம் வந்தால் ஓய்வு கொஞ்சம் கூடும், தாமதமானால் குறையும். பேரத்துக்கு இடமில்லை. கடிகாரம் இல்லாத குளமென்றால் கைக்கடிகாரம் போதும்.

அதைவிட மோசமானது முதல் நூறை 2 நிமிடம் 18 விநாடியில் பறந்துவிட்டு எட்டாவதை 2 நிமிடம் 45 விநாடியில் தவழ்வது. ஓட்டப் பந்தயத்தில் முதல் கிலோமீட்டரிலேயே வேகமாக ஓடிவிடக் கூடாது என்று புதியவர்களுக்கு வகுப்பெடுப்பவர்களே தண்ணீரில் இதைச் செய்கிறார்கள். காரணம் எளிது: முதல் ஐம்பது மீட்டரில் வேகம் வலிக்காது. அதனால் முதல் இரண்டு நூறுகளும் ‘இவ்வளவுதானா?’ என்று தோன்ற வேண்டும். ஆறாவதில் பதில் கிடைக்கும்.

கிணற்று நீச்சலின் தலை

கிணற்றில் தலையைத் தூக்கித்தான் நீந்துவோம். மேலே மோட்டார் அறைக் கூரையிலிருந்து எவன் நம் தலையில் குதிக்கப்போகிறான் என்று பார்க்க வேண்டுமே! அந்தப் பழக்கம் முப்பது வருடம் கழித்தும் போகவில்லை.

மனித உடம்பு தண்ணீரில் ஒரு ஏற்ற இறக்கப் பலகை மாதிரி. நுரையீரல் உள்ள பக்கம் மிதக்கும், கால் பக்கம் தாழும். தலையைத் தூக்கினால் கால் இன்னும் தாழும். தாழ்ந்த கால் இழுக்கும் எதிர்ப்பை எந்தக் கைபலமும் ஈடுகட்டாது. முன்னே பார்க்காமல் குளத்தின் தரையைப் பாருங்கள். மூச்சுக்குத் திரும்பும்போதும் தலை உடம்போடு சேர்ந்து உருளட்டும், ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும்.

கால் தாழ்வதைப் பார்த்ததும் பலர் கிக்கை, அதாவது காலால் உதைப்பதை, கூட்டுவார்கள். ஓட்டக்காரர்களுக்கு அது பாழாய்ப்போகும் முயற்சி. நம் கணுக்கால் இறுகிப்போனது, பாதம் நீளாது, செங்குத்தாக நின்று பிரேக் போடும். கிக் போர்டு என்ற மிதக்கும் பலகையைப் பிடித்துக்கொண்டு கிக் மட்டும் அடித்துப் பின்னோக்கி நகர்ந்தவர்களையே பார்த்திருக்கிறேன். டிரையத்லானில் கிக் உடம்பைச் சமநிலையில் வைத்தால் போதும். கால்களின் பலத்தை சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் மிச்சம் வைக்க வேண்டும். குளத்தில் உழைப்பதைவிட, தினமும் டிவி பார்த்துக்கொண்டே இரண்டு நிமிடம் மண்டிபோட்டுக் குதிகால்மேல் உட்கார்ந்து கணுக்காலைத் தளர்த்துங்கள்.

மூச்சு விஷயம் சின்னது, பலன் பெரியது. முகம் தண்ணீரில் இருக்கும்போது மூச்சை அடக்கி வைக்காதீர்கள், குமிழி விட்டுக்கொண்டே இருங்கள். அடக்கினால் கரியமில வாயு சேர்ந்து திணறல் வரும். நாமோ அதை உடல்தகுதிக் குறைவு என்று நினைத்துக்கொள்வோம்.

தண்ணீரைக் கீழே அமுக்குவது

கை தண்ணீரில் நுழைந்ததும் கீழே அமுக்குகிறோம். உடம்பு மேலே எழும், முன்னே போகாது. தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளினால்தான் நாம் முன்னுக்குப் போவோம். குளத்தின் விளிம்பில் கையூன்றி மேலே ஏறுவதை நினைத்துப் பாருங்கள். உள்ளங்கை கீழே, முழங்கை மேலே, முன்கை முழுதும் வேலை செய்கிறது. அதே வடிவம் முன்னால் படுத்த நிலையில் வர வேண்டும்: விரல்கள் தரையை நோக்க, உள்ளங்கை பின்னால் பார்க்க, முழங்கை உயரத்தில். சொல்ல நாலு வரி, பழக எனக்கு நாலு மாதம் ஆனது.

இதற்குத்தான் டிரில், அதாவது ஒரு குறையை மட்டும் திருத்தும் சிறு பயிற்சி, இருக்கிறது. முஷ்டியை மூடிக்கொண்டு நீந்தினால் முன்கையின் வேலை புரியும். ஆனால் டிரில்லை இணையத்தில் பார்த்து ஆறு வகை கலந்து செய்வதில் பயனில்லை. ஒரு மாதத்துக்கு ஒரு குறை, அதற்கு ஒன்றிரண்டு டிரில். அதையும் ஆரம்பத்திலேயே, புத்துணர்வோடு இருக்கும்போது 25 மீட்டர் டிரில், உடனே 25 மீட்டர் சாதாரண நீச்சல் என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கடைசியில் களைத்த பிறகு செய்யும் டிரில் வெறும் கணக்குக்கு.

சாதனங்களைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. புல் பாய் என்ற மிதவைக் கட்டை ஓட்டக்காரர்களின் ஊன்றுகோல். தொடைகளுக்கு நடுவே அதை வைத்ததும் கால் மிதக்கிறது, நேரம் குறைகிறது, மகிழ்ச்சி பொங்குகிறது. போட்டியில் அதை யாரும் தரமாட்டார்கள். கையில் மாட்டிக்கொள்ளும் பேடில் என்ற தட்டும் உள்ளங்கையைவிட ரொம்பப் பெரிதாக வேண்டாம். கை தவறாக நுழைந்தால் அந்தச் சுமை முழுதும் தோளுக்குத்தான் போகும். எனக்குத் தோள் வலி வந்து ஐந்து வாரம் போனது அப்படித்தான்.

அப்புறம் கைவீச்சு எண்ணிக்கை. குறைய வேண்டும் என்று கையை முன்னால் நீட்டி வைத்துச் சறுக்கிக்கொண்டே போகாதீர்கள். சறுக்கும் நேரத்தில் வேகம் விழுகிறது, ஒவ்வொரு முறையும் திரும்ப உடம்பை உந்தியாக வேண்டும். கடலில் ஒரு சின்ன அலை போதும், சறுக்கல் அங்கேயே நின்றுவிடும்.

ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம்

வார நாளில் நேரமில்லை என்று ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக 3 கிலோமீட்டர் போடுவது. தண்ணீரின் பிடி கைக்கு மறந்துபோக ஒரு வாரம் போதும். 40 நிமிடமாக மூன்று நாள் போவது, ஒரே நாளில் இரண்டு மணி நேரம் போவதைவிட நல்லது. இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

குளத்தில் மட்டுமே பழகுவது

அரை அயர்ன்மேன் எனப்படும் 70.3 போட்டியில் நீச்சல் 1.9 கிலோமீட்டர். 25 மீட்டர் குளத்தில் அது 76 நீளம், அதாவது 75 முறை சுவரை உதைத்துக் கிளம்பும் இலவச உந்துதல். கடலில் சுவர் இல்லை. முடிந்தால் வேளச்சேரி நீச்சல் வளாகம் போன்ற 50 மீட்டர் குளத்தில் அவ்வப்போது நீந்திப் பாருங்கள். சுவரை எவ்வளவு நம்பியிருந்தோம் என்பது அன்றே தெரிந்துவிடும்.

நம்மூர்க்காரர்கள் பலரும் 2019-இல் தொடங்கிய கோவா 70.3-க்குப் போகிறார்கள். மிராமர் கடற்கரையில் நீச்சல். அங்கே கடல் வெதுவெதுப்பானது, வெட்சூட்டுக்கு (உடம்பை ஒட்டிய, மிதக்க உதவும் ரப்பர் உடைக்கு) இடமில்லை. வெளிநாட்டு வீடியோக்களில் பாதி அறிவுரை வெட்சூட்டை நம்பிச் சொல்லப்படுவது. அது காலைத் தூக்கித் தந்துவிடும். நமக்கு உப்புத் தண்ணீர் கொஞ்சம் தூக்கும், மீதியை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேராக நீந்தத் தெரியாவிட்டால் குளத்தில் சம்பாதித்த வேகமெல்லாம் வீண். எட்டுப் பத்துக் கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்து, போட்டியில் வழிகாட்டும் மிதவையைப் பார்ப்பதைக் குளத்திலேயே பழகலாம். தலை முழுதும் எழுந்தால் கால் தாழும், பழைய கதைதான். இன்னொருவர் காலுக்குப் பின்னால் ஒட்டி நீந்துவதும் பழக வேண்டிய வித்தை. சைக்கிளில் வயதுப் பிரிவினருக்கு (தொழில்முறை அல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு) தடை செய்யப்பட்டது நீச்சலில் முழுக்க அனுமதிக்கப்பட்டது. உழைப்பு நன்றாகவே குறையும். முன்னால் போகிறவர் வழி தவறினால் நாமும் தவறுவோம் என்பதால் கண்ணை அவரிடம் ஒப்படைத்துவிடக் கூடாது. சென்னைக் கடலில் பழகுபவர்கள் தனியாக இறங்கவே வேண்டாம். இழுப்பு அதிகம். இடுப்பில் பளிச்சென்ற மிதவை, அந்தக் கடலை அறிந்த குழு, இரண்டும் இல்லாமல் போகாதீர்கள்.

இவ்வளவு பாடுபட்டு என்ன லாபம் என்று கேட்கலாம். நூறுக்கு பத்து விநாடி குறைந்தால் 1.9 கிலோமீட்டரில் மிச்சம் 3 நிமிடம் 10 விநாடி. 90 கிலோமீட்டர் சைக்கிளில் ஒரு நல்ல டயர் மாற்றினாலே அதில் கொஞ்சம் கிடைத்துவிடும். நேரத்தை மட்டும் பார்த்தால் நீச்சல் நஷ்டக் கணக்குதான். நான் பார்ப்பது கரையேறும்போது இருக்கும் நிலையை. நீச்சலை முடிக்க வழக்கமாகத் தரப்படும் 1 மணி 10 நிமிடக் கெடுவுக்குள் மூச்சிரைக்கத் தள்ளாடி ஏறுபவருக்கும், பத்து நிமிடம் முன்னதாக நிதானமாக ஏறுபவருக்கும் சைக்கிளின் முதல் 20 கிலோமீட்டர் ஒன்றாக இருக்காது.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அதே குளம், அதே நேரம், கூட்டம் குறைந்த லேன். எனக்கு முதல் ஆறு வாரத்தில் 400 மீட்டரில் குறைந்தது நாலு விநாடிதான். முகம் தொங்கிப்போய்க் கடிகாரத்தில் ஒவ்வொரு நூறாகப் பார்த்தேன். முதல் நூறும் நான்காவது நூறும் ஒரே நேரம், 2 நிமிடம் 19 விநாடி.