மாதிரிச் சவ்வை ஆராய: எந்தக் கருவி முதலில், எது பிறகு

உயிரணுச் சவ்வின் மாதிரியாகச் சிலிக்காவின் மேல் அமைத்த லிப்பிடு ஈரடுக்கைப் (கொழுப்பு மூலக்கூறுகளின் இரட்டைப் படலம்) பற்றி ஒரே கருவியின் அளவீட்டைக் கொண்டு முடிவுக்கு வருவது சரியன்று. ஒவ்வொரு கருவிக்கும் அந்தப் படலத்தின் வெவ்வேறு இயல்புதான் தென்படும். தேனீ நஞ்சிலுள்ள மெலிட்டின் என்னும் பெப்டைடு, பிஓபிசி (POPC) என்னும் லிப்பிடாலான சவ்வை எவ்வாறு சிதைக்கிறது என்று அறிய வேண்டுமென்று கொள்வோம்.

குவார்ட்ஸ் படிக நுண்தராசில் தொடங்குக. அதிரும் படிகத்தின் மேல் நிறை ஏறினால் அதன் அதிர்வெண் குறைவதைக் கொண்டு நிறுக்கும் கருவி இது. சிலிக்கா பூசிய 5 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை 2 விழுக்காடு எஸ்டிஎஸ் என்னும் சலவைப்பொருள் கரைசலில் ஊறவைத்து, தூய நீரில் அலசி, நைட்ரஜனில் உலர்த்தி, புறஊதா-ஓசோன் கருவியில் வைத்தெடுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் பின்னால் செய்வதெல்லாம் வீண். பிறகு, 100 நானோமீட்டர் துளைகள் கொண்ட வடிகட்டி வழியே அழுத்திச் செலுத்திய லிப்பிடுக் குமிழிகளைப் பாய்ச்சுக. அவை உடையாமல் ஒட்டும்போது அதிர்வெண் ஆழமாக இறங்கும், ஆற்றல் சிதறல் (படலத்தின் மென்மையால் அதிர்வு இழக்கும் ஆற்றல்) ஏறும். பரப்பு ஓரளவு நிரம்பியதும் அவை உடைந்து, உள்ளிருந்த நீர் வெளியேற, இரண்டு கோடுகளும் திரும்பும். மேற்சுர எண்ணால் (அளக்கும் அதிர்வு அடிப்படை அதிர்வெண்ணைப் போல எத்தனை மடங்கு என்பது) வகுத்த அதிர்வெண் மாற்றம் ஏறத்தாழ −26 ஹெர்ட்ஸிலும், சிதறல் சுழியை ஒட்டியும் நிலைத்தால் ஈரடுக்கு அமைந்துவிட்டது எனலாம். சிதறல் இறங்காமல் நின்றால் உடையாத குமிழிகள் மிஞ்சியிருக்கின்றன. அந்தப் படலத்தைக் கழுவிவிட்டு மீண்டும் தொடங்குவதே நல்லது.

இந்தத் தராசு லிப்பிடோடு சேர்ந்தாடும் நீரையும் சேர்த்தே நிறுக்கும். ஆகவே மெலிட்டினுக்குப் பின் அதிர்வெண் உயர்ந்தால், கழன்றது லிப்பிடா நீரா என்று அதனால் சொல்ல இயலாது. அதே வகைப் பரப்பில், எதிரொளிக்கும் ஒளியின் முனைவாக்க மாற்றத்தை அளக்கும் எலிப்சோமெட்ரி செய்தால், ஒளிவிலகல் எண் வேறுபாட்டின் வழியே நீர் நீங்கலான நிறை கிடைக்கும்.

இவை இரண்டும் தருவது சராசரியே என்பதால், துளைகளைக் காண, கூர்முனையால் பரப்பைத் தடவிப் பார்க்கும் அணுவிசை நுண்ணோக்கி தேவை. குறையற்ற படலத்தில் தடிப்பை அளக்க விளிம்பு இராது. முனையால் மெல்ல அழுத்தினால், அது ஈரடுக்கைத் துளைக்கும் கணத்தில் விசை வளைவில் 4 முதல் 5 நானோமீட்டர் தாவல் தெரியும்.

பிரான்சின் கிரெனோபிளில் உள்ளது போன்ற நியூட்ரான் ஆய்வு மையங்களில் விண்ணப்பித்தே பெற வேண்டிய நியூட்ரான் எதிரொளிப்பைக் கடைசிக்கு வையுங்கள். சாதாரண நீர், கனநீர் (டியூட்டிரியம் கொண்ட நீர்), 38 விழுக்காடு கனநீர் கலந்து நியூட்ரான்களுக்குச் சிலிக்கானைப் போலவே தென்படச் செய்த நீர் ஆகிய மூன்றிலும் அளந்து, மூன்று வளைவுகளையும் ஒரே அமைப்பு மாதிரியில் பொருத்துக. ஏற்கெனவே கிடைத்த தடிப்பும் நிறையும் அந்த மாதிரிக்கு வரம்பிடும். நியூட்ரான் கலத்தின் பரப்பு படிகத்தினுடையதைவிட மிகப் பெரியது. எனவே மெலிட்டினின் செறிவை மட்டுமல்ல, லிப்பிடு மூலக்கூறு ஒன்றுக்கு எத்தனை பெப்டைடு என்னும் விகிதத்தையும் எல்லாக் கருவிகளிலும் ஒன்றாக வைத்தால்தான் முடிவுகளை ஒப்பிட முடியும்.