பரிசு என்று எழுதச் சொன்ன ஜெர்மன்காரர்

லண்டனில் இருந்துகொண்டு பழைய கேமரா லென்ஸ்களை இணைய ஏலத்தில் விற்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் புகுந்தால் விலை ஏறும். தலைவலியும் கூடவே வரும். ஜெர்மனியில் ஒருவர், ஏலம் முடிந்த கையோடு, "சுங்கப் படிவத்தில் 'பரிசு' என்று போடுங்களேன், வரி மிச்சம்" என்றார். முடியாது என்றேன். அது பொய்க் கணக்கு, பார்சல் தொலைந்தால் நஷ்டஈட்டுக்கும் உலை.

பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகியபின், ஐரோப்பாவுக்குப் போகும் பார்சலுக்கும் சுங்கப் படிவம் வேண்டும். அங்கே 22 யூரோ வரையிலான பொருள்களுக்கு இருந்த வாட் (மதிப்புக்கூட்டு வரி) விலக்கும் 2021 ஜூலை முதல் போயிற்று. அமெரிக்காவும் 800 டாலர் வரையிலான பொருள்களுக்கு இருந்த வரிவிலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்திவிட்டது.

அதனால் இப்போது விளம்பரத்தின் முதல் வரியே இதுதான்: "உங்கள் நாட்டு வரி உங்கள் பொறுப்பு, படிவத்தில் ஏலத்தில் போன விலையே இருக்கும்." பேரம் பேசும் கடிதங்கள் பாதியாகக் குறைந்தன. படிவத்தில் வெறும் 'லென்ஸ்' என்று எழுதாமல், 'பழைய கேமரா லென்ஸ், கண்ணாடியும் உலோகமும், பேட்டரி இல்லை' என்று எழுதுகிறேன். பெட்டியில் வைத்துக் கட்டிய பிறகே எடை போட்டுத் தபால் செலவைச் சொல்வேன். டிராக்கிங் இல்லாமல் எதுவும் வீட்டைவிட்டுப் போகாது. அனுப்ப விரும்பாத நாடுகளை ஏலம் தொடங்கும் முன்பே ஏலத் தளத்தின் செட்டிங்ஸில் விலக்கிவிடுகிறேன். ஜெர்மன்காரர், சொல்லப்போனால், முழு வரியும் கட்டி வாங்கிக்கொண்டார்.