அட்டையில் உள்ள பெயரோடு நின்றுவிடாதீர்கள்: பழைய ஜாஸ் கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1950களின் ஜாஸ் பதிவுகளைப் புதிதாகக் கேட்க வருபவர்களோடு உட்கார்ந்து கேட்பது எனக்கு மிகவும் பிடிக்கும். அவர்கள் தடுக்கி விழும் இடங்களெல்லாம் நானும் தாண்டி வந்தவைதான். பொறுமை வேண்டும், திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. யாரும் எடுத்துச் சொல்லாததால் வருஷக்கணக்கில் தொடரும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்பது

டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் அடித்தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. ஃபோன் ஸ்பீக்கரால் அதை எழுப்ப முடியாது.

ஒரு காதில் மட்டும் இயர்ஃபோன்

அந்தக் கால ஸ்டீரியோவில் வாத்தியங்களை இடது, வலது என்று நன்றாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் போனால் பாதி ஆட்கள் போச்சு.

அட்டையில் உள்ள பெயரை மட்டும் பின்தொடர்வது

வீட்டுக்கு வந்திருந்த தம்பி ஒருவன், “அண்ணே, மைல்ஸ் டேவிஸை முடிச்சாச்சு. அடுத்து யாரைக் கேக்கலாம்?” என்றான். எதைக் கேட்டாய் என்றேன். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ என்றான், ட்ரம்பெட்காரர் மைல்ஸின் இசைத்தட்டு அது. அதில் ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’தான் ரொம்பப் பிடித்ததாம். பில் எவான்ஸ் பியானோவில் ப்ளூஸை எவ்வளவு அழகாக வாசிக்கிறார் என்று வெகுநேரம் பேசினான். அந்தத் தட்டில் பில் எவான்ஸ் வாசிக்காத ஒரே உருப்படி அதுதான். அதில் பியானோ வாசித்தவர் வின்டன் கெல்லி.

அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவன் கேட்ட செயலி காட்டியது மைல்ஸ் டேவிஸ் என்ற ஒரு பெயரை மட்டும்தான். இசைத்தட்டின் பின்னட்டையில் யார் எந்த வாத்தியம் வாசித்தார் என்ற பட்டியல் அச்சாகியிருக்கும். அந்தப் பட்டியலைத்தான் இன்று தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இத்தனை வருஷம் கழித்தும் இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஜாஸ் என்பது கூடி வாசிக்கும் இசை. ஏழு பேர் சேர்ந்து செய்ததில் ஒருவரை மட்டும் காட்டிவிட்டு மற்றவர்களை மறைப்பது அநியாயம்.

இது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை, கேட்பவருக்கும் இதனால் பெரிய நஷ்டம். தலைவர் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஒவ்வொரு தட்டும் தனித்தனித் தீவாக நின்றுவிடும். மிருதங்கக்காரர் யார் என்று பார்த்துக் கச்சேரிக்குப் போகும் ரசிகர்கள் நம்மிடம் உண்டு. ஜாஸையும் அப்படித்தான் தேட வேண்டும்.

பால் சேம்பர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் டபுள் பேஸ் வாசித்தவர் இவர்தான். நியூயார்க்கில் 30ஆம் தெருவில் இருந்த, கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் ஸ்டுடியோவில் 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டு நாளில் அந்தப் பதிவு நடந்தது. முதல் நாளில் அவருக்கு வயது 23. இரண்டாவது நாள் அவருடைய 24ஆவது பிறந்தநாள்.

அதில் முதல் உருப்படி ‘ஸோ வாட்’. அதன் மெட்டை எடுத்து வாசிப்பது மைல்ஸ் இல்லை, சேம்பர்ஸ். பேஸ் ஒரு வரி கேட்கும், மற்றவர்கள் இரண்டே கார்டுகளில் (chord, ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) பதில் சொல்வார்கள். அப்புறம் ட்ரம்பெட் சோலோ தொடங்கும் அந்த நொடியில் டிரம்ஸ்காரர் ஜிம்மி காப் சிம்பலை ஓங்கி ஒரு தட்டுத் தட்டுகிறார். அது ஒலித்து அடங்குவதற்குள் சேம்பர்ஸ் பாருக்கு (நான்கு எண்ணிக்கை கொண்ட தாளக் கட்டத்துக்கு) நான்கு ஸ்வரமாக நடக்க ஆரம்பித்துவிடுகிறார். ஒரு தடவை முழுப் பாட்டையும் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். ஒரு சுற்று 32 பார். முதல் 16 பார் ஓரிடத்தில் நிற்கும், 17ஆவது பாரில் எல்லாமே அரை ஸ்வரம் மேலே ஏறும், எட்டு பார் கழித்துத் திரும்ப இறங்கும். சோலோ வாசிப்பவர் எவ்வளவு தூரம் போனாலும் நாம் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று பேஸ் சொல்லிக்கொண்டே வரும். இது பிடிபட்ட பிறகு, அதில் சாக்ஸபோன் வாசிக்கும் ஜான் கோல்ட்ரேனின் சோலோ திக்குத் தெரியாத ஓட்டமாகக் கேட்காது.

இப்போது சேம்பர்ஸின் பின்னாலேயே போங்கள். 1957 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் சாக்ஸபோன்காரர் ஆர்ட் பெப்பர், மைல்ஸின் குழுவிலிருந்த பியானோ, பேஸ், டிரம்ஸ் மூவரோடும் ஒரே நாளில் ஒரு தட்டைப் பதிவு செய்தார். அதற்கு வைத்த பெயரே ‘ஆர்ட் பெப்பர் மீட்ஸ் த ரிதம் செக்‌ஷன்’. அந்த மூவருக்கும் அவ்வளவு பெயர் இருந்தது. ரெட் கார்லண்ட், பால் சேம்பர்ஸ், ஃபில்லி ஜோ ஜோன்ஸ். அதே ஆண்டு செப்டம்பரில் கோல்ட்ரேனின் ‘ப்ளூ ட்ரெய்ன்’. அதில் ‘மொமென்ட்ஸ் நோட்டீஸ்’ உருப்படியில் சேம்பர்ஸ் வில்லால் ஒரு சோலோ வாசிக்கிறார். ட்ரம்பெட் வாசித்த லீ மார்கனுக்கு அப்போது 19 வயது. 1958 ஜனவரியில் பியானோக்காரர் சன்னி கிளார்க்கின் ‘கூல் ஸ்ட்ரட்டின்’. 1959 மே 5 அன்று, ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ முடிந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், கோல்ட்ரேனோடு ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’. ஓரிரு ஸ்கேலில் நிதானமாக நின்று வாசித்த கைகள் அங்கே நொடிக்கு நொடி மாறும் கார்டுகளுக்கு ஈடுகொடுக்கின்றன. அந்தத் தட்டின் கடைசி உருப்படியான ‘மிஸ்டர் பி.சி.’ இவர் பெயரில் அமைந்ததுதான்.

1969 ஜனவரியில் சேம்பர்ஸ் இறந்தபோது அவருக்கு வயது 33. இவரைத் தெரியாமலே அந்தக் காலத்து ஜாஸ் முழுவதையும் கேட்டுவிட்டேன் என்று யாராவது சொன்னால், இன்னும் கேட்கவே தொடங்கவில்லை என்றுதான் சொல்வேன்.

அந்தத் தம்பிக்கு வருவோம். மைல்ஸ் முடிந்துவிடவில்லை. 1958 மார்ச்சில் பதிவான ‘சம்திங் எல்ஸ்’ சாக்ஸபோன்காரர் கேனன்பால் ஆடர்லியின் பெயரில் இருக்கிறது. அதில் மைல்ஸ், குழுவில் ஒருவராக உட்கார்ந்து வாசிக்கிறார். மைல்ஸ் என்று தேடுபவர்களின் கண்ணில் அது எளிதில் படாது.

வெளியான ஆண்டைப் பதிவான ஆண்டாக நினைப்பது

மைல்ஸ் 1955இல் கொலம்பியாவோடு ஒப்பந்தம் போட்டபோது முந்தைய நிறுவனமான பிரஸ்டீஜுக்குக் கொடுக்க வேண்டிய தட்டுகள் பாக்கி இருந்தன. 1956 மே 11, அக்டோபர் 26 என்று இரண்டு நாளில் வாசித்து அந்தக் கணக்கைத் தீர்த்தார். அதிலிருந்து ‘குக்கின்’, ‘ரிலாக்ஸின்’, ‘வொர்க்கின்’, ‘ஸ்டீமின்’ என்று நான்கு தட்டுகளை உருவாக்கி, 1957 முதல் 1961 வரை பிரஸ்டீஜ் ஒவ்வொன்றாக வெளியிட்டது. வெளியான ஆண்டுப்படி அடுக்கினால் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வுக்குப் பிறகு மைல்ஸ் ஏன் பின்னால் போனார் என்று குழம்புவீர்கள். பதிவு நடந்த தேதியைப் பாருங்கள்.

கரகரப்ரியா என்று சொல்லி முடித்துக்கொள்வது

‘ஸோ வாட்’டின் ஸ்வரங்கள் கரகரப்ரியாவின் ஸ்வரங்கள்தான், உண்மை. ஆனால் 17ஆவது பாரில் ஸட்ஜமே நகர்கிறது. நம் ராக ஆலாபனையில் சுருதி இப்படி நகராது. ராகத்தைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் அந்த நகர்வைக் கோட்டைவிடுபவர்கள் அதிகம். அங்கேதான் பாட்டு உயிர்பெறுகிறது.

முதல் பதிப்பு மோகம்

‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் முதல் நாள் பதிவில் டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. அதனால் தட்டின் முதல் பக்கம் சரியான சுருதியைவிடக் கொஞ்சம் மேலே ஒலிக்கும். 1990களின் மறுபதிப்புகளில்தான் சரிசெய்தார்கள். பெரிய விலை கொடுத்து வாங்கும் முதல் பதிப்பில் அந்தப் பிழை அப்படியே இருக்கும். நல்ல மறுபதிப்பு போதும்.

போதைக் கதைகளை முதலில் படிப்பது

வேண்டாம். சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் 34 வயதில் இறந்ததைத் தெரிந்துகொண்டு கேட்கிறவர்கள் அவருடைய ஒவ்வொரு ஸ்வரத்திலும் சோகத்தைத் தேடுகிறார்கள். ‘கோ-கோ’வில் அவர் வாசிப்பதில் சோகமே இல்லை, அபாரமான தெளிவு இருக்கிறது. அதே சமயம் போதைப் பக்கமே போகாத ட்ரம்பெட் மேதை கிளிஃபோர்ட் பிரவுன் இப்படிப்பட்டவர்களின் கண்ணில் படுவதே இல்லை. 1956 ஜூனில் கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 25. அவரும் டிரம்ஸ்காரர் மேக்ஸ் ரோச்சும் 1955இல் பதிவு செய்த ‘ஸ்டடி இன் பிரவுன்’ தட்டில் ‘செரோக்கி’யை முதலில் போடுங்கள். அந்த வேகத்திலும் ஒரு ஸ்வரம்கூட மழுங்குவதில்லை. கேட்கும்போதே பின்னட்டையையும் தேடிப் பிடியுங்கள். பியானோவில் இருப்பவர் ரிச்சி பவல், பியானோ மேதை பட் பவலின் தம்பி.