பிஸ்டலை விற்கும் முன்: மாற்றிய பாகங்கள் விலையை என்ன செய்கின்றன

பிஸ்டலுக்குப் புதிய கைப்பிடி போட்டவர்களும் பளபளக்கும் முலாம் பூசியவர்களும், விற்கும் நாளில் அந்தச் செலவும் விலையோடு சேர்ந்து வந்துவிடும் என்றே நம்புகிறார்கள். மதுரையிலும் மேலூர், திருமங்கலம் பக்கத்திலும் உறவினர்களும் நண்பர்களும் உரிமத்தோடு வைத்திருந்த துப்பாக்கிகளை விற்றபோது விலை பேச உடன் சென்றிருக்கிறேன். அந்தச் செலவு ஒருமுறையும் திரும்பி வரவில்லை. பல நேரங்களில் மாற்றத்தால் விலை குறைந்ததுதான் மிச்சம்.

இதற்குக் காரணம் நம் நாட்டின் சந்தை அமைந்துள்ள விதம். ஆயுதச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, விளையாட்டு வீரர்கள் போன்ற சிலரைத் தவிர ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. முன்பு மூன்று வரை அனுமதி இருந்தது. இரண்டே இடம் உள்ளவர் வேறொருவரின் ரசனைக்கு அதில் ஒன்றை ஒதுக்க மாட்டார். வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளைப் பொதுமக்கள் இறக்குமதி செய்வது 1980-களின் நடுவிலிருந்தே நின்றுபோனதால், வெப்லி அண்ட் ஸ்காட், கோல்ட், வால்தர் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களின் பழைய .32 பிஸ்டல்களுக்கு நம் அரசு ஆயுதத் தொழிற்சாலை செய்யும் அசானி பிஸ்டலைவிடப் பல மடங்கு விலை கிடைக்கிறது. அந்த விலை, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலை மாறாமல் இருப்பதற்குக் கொடுக்கப்படும் விலை.

ஆகவே விற்க நினைத்ததும் முதலில் செய்ய வேண்டியது, மாற்றங்களுக்கு ஒரு கணக்கு எழுதுவது. தோட்டாக்கள் அடங்கும் மேகசினைக் கழற்றி, மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, அறையில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்ட பிறகு, எந்தப் பாகம் எப்போது யாரால் மாற்றப்பட்டது, கழற்றிய பழைய பாகம் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டு கேள்விகளால் அளக்கலாம். இதைப் பழையபடி ஆக்க முடியுமா? உரிமத்தில் எழுதியுள்ள விவரமும் கையில் உள்ள ஆயுதமும் இன்னும் ஒத்துப்போகின்றனவா?

மேற்பூச்சில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். புளூயிங் என்று சொல்லப்படும் கருநீல நிறம் தனியாகத் தடவிய சாயம் அல்ல. இரும்பின் மேற்பரப்பையே மெல்லிய கருப்பு ஆக்சைடாக மாற்றுவது. உறையில் உரசியும் வியர்வை பட்டும் அது விளிம்புகளில் வெளுக்கும்; வாங்குபவர் அந்த வெளுப்பை நேர்மையான பயன்பாட்டின் அடையாளமாகவே எடுத்துக்கொள்வார். மீண்டும் நிறம் ஏற்றவோ நிக்கல் பூசவோ வேண்டுமென்றால் முதலில் உலோகத்தைத் தேய்த்து மெருகேற்ற வேண்டியிருக்கும். அந்தத் தேய்ப்பில் கூர்மையான விளிம்புகள் மழுங்கும். தயாரிப்பாளர் பெயரும் வரிசை எண்ணும் ஆழம் இழக்கும்.

மேலூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த என் பெரியப்பா, தம் வெப்லி பிஸ்டலைக் குத்துவிளக்குக்கு முலாம் பூசும் ஒரு பட்டறையில் கொடுத்து நிக்கல் பூசி வாங்கினார். ஆயுதங்களைப் பழுதுபார்க்க உரிமம் இல்லாத இடத்தில் அதைக் கொடுத்ததே சட்டப்படி தவறு. அன்று அது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. சில ஆண்டுகள் கழித்து வாங்க வந்தவர், பூதக்கண்ணாடியை வைத்து எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை நெடுநேரம் பார்த்துவிட்டு, விலையே சொல்லாமல் எழுந்து போனார். அவர் அஞ்சியது நியாயமே. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, அடையாளக் குறி இல்லாத துப்பாக்கியை விற்பதைத் தடுக்கிறது; குறி அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே அழித்தார் என்று, மறுத்து நிரூபிக்கப்படும் வரை கருதவும் சொல்கிறது. பளபளப்புக்காக அந்தப் பழியைக் காசு கொடுத்து வாங்க யார் முன்வருவார்? வெளுத்திருந்தால் வெளுத்தபடியே விடுங்கள். துருவை எண்ணெய்த் துணியால் மட்டும் துடையுங்கள். ஸ்லைடில் இனிஷியலோ குலதெய்வத்தின் வேலோ பொறித்திருந்தால் அதைத் தேய்த்து அழிக்கவும் முயல வேண்டாம். அழித்த தடம் பொறித்த எழுத்தைவிட அதிகச் சந்தேகத்தைக் கிளப்பும்.

கைப்பிடித் தகடுகள் இதற்கு நேர்மாறு. திருகைக் கழற்றினால் வந்துவிடும் என்பதால், கருங்காலியிலோ ஈட்டி மரத்திலோ கடைந்து போட்ட தகடு விலையை ஏற்றாவிட்டாலும் இறக்காது. ஆனால் பழைய தகடுகள் கூடவே இருக்க வேண்டும். பழைய வெளிநாட்டு பிஸ்டல்களின் மூலத் தகடுகள் எளிதில் நொறுங்கும் பொருளால் ஆனவை, மாற்றுக் கிடைப்பதும் அரிது. எனவே அவற்றைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தவருக்கு அதுவே தனிச் சொத்து. மேகசினுக்கும் இது பொருந்தும். தகடு யானைத் தந்தமாக இருந்தால் மட்டும் பேச்சு வேறு: 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதன் விற்பனையைத் தடுப்பதால், தாத்தா காலத்துப் பொருள் என்ற விளக்கத்தை நம்பி அதைத் துப்பாக்கியோடு சேர்த்து விற்றுவிடக் கூடாது.

உள்ளே மாற்றிய ஸ்பிரிங்குகளை வாங்குபவரின் கண் காணாது என்று மறைப்பவர்கள் உண்டு. மறைக்காதீர்கள். விசையை, அதாவது விரலால் இழுக்கும் டிரிக்கரை, இலகுவாக்க அடிக்கும் ஸ்பிரிங்கைத் தளர்த்தியிருந்தால் தோட்டா சில வேளை வெடிக்காமல் போகும். ஸ்லைடு ஸ்பிரிங்கை அளவுக்கு மேல் கடினமாக்கியிருந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்வாங்காமல் வெற்றுக் கூடு சிக்கும். தற்காப்புக்கென வாங்குபவருக்கு இதைவிடப் பெரிய குறை இல்லை. உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் பொருத்தி, அதற்கான ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் விலை பெரும்பாலும் நிற்கும். அரம் போட்டுக் குறைத்த, குறி பார்க்க உதவும் முன்குறியையும் விசைப் பாகத்தையும் மீட்க முடியாது. அந்த இழப்பை ஏற்றுக்கொண்டுதான் விலை சொல்ல வேண்டும்.

குழலை வெட்டியது, போரை, அதாவது குழல் துளையின் அளவை, மாற்றியது, சத்தம் குறைக்கும் கருவிக்காக மரை வெட்டியது ஆகியவற்றுக்கு விலை பேச இடமே இல்லை. உரிமம் இன்றிக் குழலைக் குறைப்பதை ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு தடுக்கிறது, சத்தம் குறைக்கும் துணைக்கருவியைச் சட்டம் துப்பாக்கி என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது, 9 மி.மீ. தடை செய்யப்பட்ட போர். இப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்திருந்தால் வாங்குபவரைத் தேடாமல் வழக்கறிஞரைத் தேடுங்கள்.

பந்தயத்துக்கான .177 ஏர் பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். மரக் கைப்பிடியில் மக்கு வைத்து, உப்புத்தாளால் தேய்த்துத் தம் உள்ளங்கைக்கு ஏற்றபடி வடிப்பது வீரர்களின் வழக்கம். புள்ளிகளுக்கு அது உதவும், ஆனால் அடுத்தவர் கைக்கு அது பொருந்தாது. தேய்க்காத கைப்பிடி ஒன்று கூட இருந்தால் விற்பது எளிது. விசையின் எடை பந்தய விதிப்படி குறைந்தது 500 கிராமுக்குத் திரும்ப வைக்கப்பட்டிருக்கிறதா, காற்றுச் சிலிண்டரின் காலம் முடிந்துவிட்டதா என்பவற்றைப் பிள்ளைக்காக வாங்க வரும் விவரமான பெற்றோர் முதலில் கேட்பார்கள்.

கணக்கு முடிந்து பழைய பாகங்கள் ஏறியபின், வாங்குபவரின் பெயரும் முகவரியும் சேர்த்து, விற்க எண்ணுவதை மாவட்ட நிர்வாக நடுவருக்கோ அருகில் உள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அன்றிலிருந்து 45 நாட்கள் கழியாமல் ஆயுதம் கைமாறக் கூடாது. வாங்குபவரின் உரிமம் அந்த வகைத் துப்பாக்கியை அனுமதிக்கிறதா என்பதை முன்பணம் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். மாற்றங்களின் பட்டியலில் ஒரு பிரதியை அவரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள்.

இடையில் தேர்தல் அறிவிப்பு வந்து காவல் நிலையத்தில் ஒப்படைக்க நேர்ந்தால், தோல் உறையோடு கொடுக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். மெல்லிய எண்ணெய் பூசி, எண்ணெய்த் தாளில் சுற்றி, மேற்பரப்பைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு ஒப்படையுங்கள். திரும்பப் பெறும் அன்றே அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, மாறுதல் இருந்தால் அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.