சென்னைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு உயிர்ப்புப் பெருவிழா: ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்திலிருந்தோ பினாங்கிலிருந்தோ லண்டனிலிருந்தோ வேலைக்காகவும் படிப்புக்காகவும் சென்னைக்கு வந்து சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பங்கள், இங்குத் தங்கள் முதல் ஈஸ்டருக்கு, அதாவது இயேசு உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு, முன்பே ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. கிறிஸ்துமஸ் வந்தால் கடைதோறும் நட்சத்திரங்களைத் தொங்கவிடும் இந்நகரம், ஈஸ்டருக்கு வீதியில் பெரிதாக எந்த அடையாளத்தையும் காட்டுவதில்லை. புனித வெள்ளி அரசு விடுமுறை. ஆனால் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் விடுமுறையாக இருக்கும் ஈஸ்டர் திங்கள் இங்கு வழக்கமான வேலைநாள். சென்னையின் ஈஸ்டர் ஆலய வளாகங்களுக்குள் நடக்கிறது. ஆகவே ஓர் ஆலயத்தைத் தேர்ந்துகொண்டு, ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறு முதல் ஈஸ்டர் நாளான உயிர்ப்பு ஞாயிறு வரை அங்கேயே தொடர்ந்து செல்லுங்கள் என்பதே நான் யாருக்கும் முதலில் சொல்லும் அறிவுரை. ஞாயிறு காலை மட்டும் போய் நிற்பவர் ஒரு வழிபாட்டில் கலந்துகொண்டவராகத் திரும்புவார். வாரம் முழுவதும் சென்றவரை நான்கு பேராவது பெயர் சொல்லி அழைத்து வாழ்த்துவார்கள்.

தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மார்ச் 21 அன்றோ அதன் பின்னரோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறே ஈஸ்டர் என்பது திருச்சபையின் கணக்கு. அதனால் அது மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் அமையலாம். 2027இல் மார்ச் 28 அன்றும், 2028இல் ஏப்ரல் 16 அன்றும் வருகிறது. மார்ச் இறுதியில் வரும் ஆண்டுகளில் பிள்ளைகளின் தேர்வுகளும் அலுவலகங்களின் ஆண்டுக் கணக்கு முடிப்பும் அதே வாரத்தில் நெருக்கும் என்பதால், விடுப்பை முன்கூட்டியே கேட்டுவையுங்கள். பழைய நாட்காட்டியைப் பின்பற்றும் கிழக்கு மரபினருக்கு 2027இல் ஈஸ்டர் மே 2 அன்றுதான்.

எந்த ஆலயம் என்பது அடுத்த கேள்வி. திருத்தூதர் தோமாவின் கல்லறை என்று மரபு சொல்லும் இடத்தில் எழுந்துள்ள சாந்தோம் பேராலயத்துக்கோ, பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி திருத்தலத்துக்கோ போகவே பலருக்கும் தோன்றும். அவற்றை அவசியம் சென்று பாருங்கள். ஆனால் புனித வாரத்துக்கு உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பங்கு ஆலயமே ஏற்றது என்பது என் முடிவான கருத்து. பெரும் கூட்டத்தில் புதியவர் புதியவராகவே இருந்துவிடுகிறார். கத்தோலிக்கராக இருந்தால், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான தவக்காலம் தொடங்கியதும் பங்கு அலுவலகத்துக்குச் சென்று உங்கள் தெரு எந்த அன்பியத்தைச் சேர்ந்தது என்று கேளுங்கள். அன்பியம் என்பது சில தெருக்களின் குடும்பங்கள் சேர்ந்து வீடுகளில் கூடிச் செபிக்கும் சிறு குழு. அதன் பொறுப்பாளர் உங்கள் வாசலுக்கு ஒருமுறை வந்துவிட்டால், சிலுவைப்பாதை எத்தனை மணிக்கு, பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதற்கு) எந்த நாள், கஞ்சி காய்ச்ச யார் அரிசி தருகிறார்கள் என்பதெல்லாம் தானாகவே தெரிந்துவிடும்.

சீர்திருத்தத் திருச்சபையினருக்கு இங்கு ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டீரியன், காங்கிரிகேஷனல் மரபினர் தென்னிந்தியாவில் ஒன்றிணைந்து, 1947 செப்டம்பர் 27 அன்று கதீட்ரல் சாலையிலுள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையை (சி.எஸ்.ஐ.) தொடங்கினார்கள். எனவே மலேசியாவில் மெதடிஸ்டாகவோ இங்கிலாந்தில் ஆங்கிலிக்கனாகவோ இருந்தவர், சென்னையில் சி.எஸ்.ஐ. சபையைத் தேடிச் சென்றால் போதும். லுத்தரன் சபையினருக்குத் தனி ஆலயங்கள் உள்ளன. மாறிவந்தவர்கள் முந்தைய சபைக் குருவானவரின் கடிதத்தைக் கொண்டுவந்திருந்தால் மிகவும் உதவும்.

குருத்தோலை ஞாயிறன்று அரைமணி நேரம் முன்னதாகவே செல்லுங்கள். இளமஞ்சள் நிறக் குருத்து கைக்கு வந்ததும் பக்கத்தில் இருக்கும் வயதான பெண்களைக் கவனியுங்கள்: ஓலையைக் கிழித்து, நான்காக மடித்து, நுனியை உள்ளே செருகி, பவனி புறப்படுவதற்குள் ஒரு சிலுவையை முடித்துவிடுவார்கள். கேட்டால் உங்கள் பிள்ளைக்கும் கற்றுக்கொடுப்பார்கள். அந்தச் சிலுவையை வீட்டுப் பீடத்தில் வைத்து, அடுத்த ஆண்டு சாம்பல் புதனுக்கு முன் ஆலயத்தில் திருப்பிக்கொடுங்கள். அதை எரித்தே சாம்பல் எடுப்பார்கள். பெரிய வியாழன் மாலையில் பாதம் கழுவும் சடங்கும், அதன்பின் நற்கருணை ஆராதனையும் நடக்கும். புனித வெள்ளியன்று சி.எஸ்.ஐ. ஆலயங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தியானிப்பார்கள். பெண்கள் பலர் வெள்ளைப் புடவை உடுத்துவார்கள். உபவாசம் இருப்பவர்கள் சென்னை வெயிலை எண்ணி, பருத்தி ஆடை அணிந்து, மின்விசிறிக்கு அருகில் இடம்பிடிப்பது நல்லது.

வாரத்தின் சிகரம் சனி இரவின் பாஸ்கா திருவிழிப்பு, அதாவது உயிர்ப்பை எதிர்நோக்கி விழித்திருந்து செய்யும் வழிபாடு. இதைத் தவறவிடாதீர்கள். பல பங்குகளில் இரவு 10.30 அல்லது 11 மணிக்குத் தொடங்குவதால் பிள்ளைகளை மாலையில் தூங்கவைத்து எழுப்பி அழைத்துச் செல்லுங்கள். விளக்குகள் அணைக்கப்பட்ட ஆலயத்துக்கு வெளியே நெருப்பு மூட்டி, அகரமும் னகரமும் அவரே என்ற வார்த்தைகளோடு பாஸ்கா திரி எனும் பெரிய மெழுகுதிரியில் அவ்வாண்டின் எண்களைப் பதித்து, ஐந்து சாம்பிராணி மணிகளைச் செருகி, அந்த நெருப்பிலிருந்தே அதை ஏற்றுவார்கள். அந்த ஒரு சுடரிலிருந்து மெழுகுதிரிக்கு மெழுகுதிரி ஒளி பரவி, சில நிமிடங்களில் ஆலயம் முழுவதும் முகங்கள் தெரியத் தொடங்கும். பழைய ஏற்பாட்டு வாசகங்கள் நீளமானவை. எத்தனை குறைத்தாலும் செங்கடலைக் கடந்த வாசகத்தை விடுவதில்லை. பின்னர் வியாழனுக்குப் பிறகு ஒலிக்காத மணிகள் எல்லாம் ஒன்றாக ஒலிக்கும். பல ஆலயங்களில் அந்த நொடியில் திரை விலகி உயிர்த்த ஆண்டவரின் சுரூபம் வெளிப்படும், வெளியே வெடி வெடிக்கும். கைக்குழந்தை இருந்தால் முன்கூட்டியே காதைப் பொத்திக்கொள்ளுங்கள். மெழுகு சொட்டாதிருக்க மெழுகுதிரியில் செருகக் காகிதக் கோப்பையும், மந்திரித்த தண்ணீர் எடுத்துவரச் சிறு பாட்டிலும் கொண்டுசெல்லுங்கள். வழிபாடு முடிய நள்ளிரவைத் தாண்டிவிடும். அப்போது மெட்ரோ ஓடாது என்பதால், வீடு திரும்ப அன்பியத்தில் யாருடனாவது முன்பே பேசிவையுங்கள். விடியல் ஆராதனை நடத்தும் சி.எஸ்.ஐ. சபைகளுக்குச் செல்பவர்கள், தொடங்கும் நேரத்தை வெள்ளியன்றே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

உணவைப் பொறுத்தவரை, ஞாயிறு மதியம் மட்டன் பிரியாணி என்பது பல வீடுகளில் எழுதாத சட்டம். இறைச்சிக் கடையில் சனிக்கிழமையே சொல்லிவையுங்கள். சாக்லேட் முட்டைகள் இந்த வெயிலில் உருகிவிடும். அதற்குப் பதிலாக முந்திரி முட்டைகளை வீட்டிலேயே செய்யலாம். ஈரமில்லாத முந்திரியை மிக்சியில் இடையிடையே நிறுத்தி அடித்து, எண்ணெய் கக்குவதற்கு முன் நிறுத்தி, சலித்து 2 கப் பொடி எடுத்துக்கொள்ளுங்கள். 1 கப் சர்க்கரையை அரை கப் தண்ணீரில் ஒரு கம்பிப் பதம் வரும்வரை காய்ச்சி, தீயைக் குறைத்து, பொடியைத் தூவிக் கிளறுங்கள். மாவு சட்டியில் ஒட்டாமல் திரண்டுவரும்போது இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் சில துளிகள் பன்னீரும் நெய்யும் சேர்த்துப் பிசைந்து முட்டை வடிவில் உருட்டுங்கள். ஆறவிட்டால் விரிசல் விடும். பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கும்போது, வடிவம்தான் முட்டை, உள்ளே முட்டை சேர்க்கவில்லை என்று சைவ உணவுக்காரர்களிடம் சொல்லியே கொடுங்கள். ஈஸ்டர் என்றால் என்ன என்று அவர்கள் கேட்பார்கள், பொறுமையாகச் சொல்லுங்கள்.

இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இந்த நாள் 2019 ஏப்ரல் 21 அன்று ஆலயங்களில் நேர்ந்த குண்டுவெடிப்புகளின் நினைவையும் கொண்டுவரும். உறவினரையோ ஊராரையோ இழந்திருந்தால், அவர்கள் பெயர்களை எழுதிப் பங்குத்தந்தையிடம் முன்னதாகக் கொடுங்கள்; திருப்பலியில் வேண்டிக்கொள்ளும் கருத்துகளில் சேர்த்துக்கொள்வார். அந்தத் துயரத்தை வீட்டுக்குள் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறையும் ஒதுக்கிவையுங்கள். கத்தோலிக்க ஆலயங்களில் அன்று ஆண்டுதோறும் வாசிக்கப்படுவது, ஆண்டவரின் காயங்களைத் தொட்டாலன்றி நம்பமாட்டேன் என்று தோமா சொன்னதைக் கூறும் நற்செய்திப் பகுதி; அவர் உயிர்துறந்ததாக மரபு சொல்லும் பரங்கிமலை இந்நகரிலேயே இருக்கிறது. பரங்கிமலை ரயில் நிலையத்தில் இறங்கி, வெயில் ஏறுவதற்கு முன் காலை 7 மணிக்குள் அடிவாரத்தை அடைந்தால், பெரியவர்களும் நின்று நின்று படியேறிவிடலாம். முடியாதவர்களுக்கு மேலே வரை வாகனச் சாலை உண்டு.