கிணற்று மேட்டில் தொடங்குங்கள்: கல் தேடப் புதிதாகப் போகிறவர்களுக்கு

காங்கேயத்திலிருந்து கரூர் வரை பரந்து கிடக்கும் மேட்டாங்காடுகளின் அடியில் சந்திரகாந்தக்கல், ஆக்வாமரைன், செவ்வந்திக்கல், அயோலைட், குருந்தக்கல் என்று பல வகைக் கற்கள் இருக்கின்றன. நொய்யல் கரையில் கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லை அறுத்து, துளையிட்டு மணி செய்த பட்டறைகள் இருந்ததை அகழாய்வுகள் காட்டியிருக்கின்றன. காங்கேயத்துக்குப் பக்கத்தில் படியூரில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்வாமரைன் வெட்டி எடுத்தார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு வருகிறவர்கள் முதல் நாளே ரத்தினக்கல்லைத் தேடுகிறார்கள். அது தவறான தொடக்கம். முதலில் வெங்கச்சங்கல்லையும் (குவார்ட்ஸ்) ஃபெல்ட்ஸ்பாரையும் பிரித்தறியக் கற்றுக்கொள்ளுங்கள். இந்த வட்டாரத்தில் ஆக்வாமரைன் போன்ற பல கற்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒளிந்திருக்கின்றன.

படி 1: எங்கே போகலாம், எங்கே கூடாது

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1957ஆம் ஆண்டின் கனிமச் சட்டப்படி அனுமதி இல்லாமல் கனிமம் தோண்டுவது குற்றம். எனவே எங்கும் குழி பறிக்காதீர்கள். மேலே கிடப்பதை நில உரிமையாளரின் சம்மதத்தோடு கையளவு பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காப்புக்காட்டுக்குள் கல் எடுக்கப் போகாதீர்கள். கடற்கரைக் கருமணலையும் விட்டுவிடுங்கள். திருவக்கரை, சாத்தனூர் கல்மரங்களிலிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. அவை பாதுகாக்கப்பட்ட தேசியச் சின்னங்கள். கொடுமணல் போன்ற தொல்லியல் இடங்களில் தரையில் மணி கிடந்தாலும் தொடாதீர்கள். அதைக் கிடந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டால், அது சொல்ல வேண்டிய வரலாறும் போய்விடும்.

பிறகு எங்கேதான் பார்ப்பது? கிணற்று மேட்டில். கொங்கு நாட்டில் கிணறுகள் பாறையைப் பிளந்துகொண்டு ஆழமாக இறங்குபவை. வெட்டி எடுத்த கல்லை அருகிலேயே குவித்துவிடுவார்கள். வெயிலில் நிறம் மங்கிய மேற்பரப்புக் கல்லைவிட, பூமிக்குள்ளிருந்து வந்த இந்தக் கல் கனிமத்தின் உண்மையான நிறத்தைக் காட்டும். "ஏனுங்கண்ணா, கெணத்து மேட்டுல கல்லு கொஞ்சம் பாத்துக்கட்டுங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். எதற்கு என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். நல்ல கல் கிடைத்தால் அவரிடம் காட்டாமல் கொண்டுவராதீர்கள்.

உழுத காட்டில் மழை பெய்து ஓய்ந்த மறுநாளும் நல்ல நேரம்தான். மண் கழுவப்பட்டு, கற்கள் தனியாகத் தெரியும்.

படி 2: கையில் என்ன வேண்டும்

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ், தண்ணீர்ப் புட்டி, பழைய செய்தித்தாள், நோட்டுப் புத்தகம், ஒரு சிறிய சுத்தியல், கண்ணைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. இந்தக் கடைசிப் பொருளை மட்டும் மறந்துவிட்டால் அன்று சுத்தியலைத் தொடாதீர்கள். வெங்கச்சங்கல் உடையும்போது கத்திபோன்ற சில்லுகள் தெறிக்கும். கல்லைக் கையால் புரட்டாமல் குச்சியால் புரட்டுங்கள், அடியில் தேள் இருக்கும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றின் ஓரத்தில் நிற்கவே வேண்டாம்.

படி 3: பார்க்கும் முறை

காலையிலோ மாலையிலோ, சூரியன் தாழ்ந்திருக்கும்போது சூரியனைப் பார்த்தபடி நடங்கள். கல்லின் தட்டையான முகங்கள் அந்த ஒளியில் மின்னும். மின்னுவதை எடுத்து, தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தாள் தாளாக உரிந்தால் அது காக்காப்பொன் என்ற மைக்கா.

உடைந்த பரப்பு படிக்கட்டுபோல் தட்டையாக, ஏறக்குறைய செங்கோணத்தில் இருந்தால் அது ஃபெல்ட்ஸ்பார். கண்ணாடிச் சில்லுபோல் வளைந்து உடைந்திருந்தால் வெங்கச்சங்கல். இந்த ஒரு வேறுபாட்டைக் கண் பழகும்வரை வேறெதையும் தேடாதீர்கள்.

இவை விரல் பருமனுக்கும் மேல் பெரிய படிகங்களாக, காக்காப்பொன்னோடு சேர்ந்து ஒரே கல்லில் இருந்தால் நீங்கள் பார்ப்பது பெக்மடைட். பாறைக்குழம்பின் கடைசிப் பகுதி, நீரும் அரிய தனிமங்களும் செறிந்த நிலையில், பாறை வெடிப்புகளுக்குள் புகுந்து உறைந்தது அது. ஆக்வாமரைன் உருவாகத் தேவையான பெரிலியம் சேருவதும் இங்கேதான். அப்படி ஒரு துண்டு கிடைத்தால் அந்த மேட்டை விட்டு நகராமல் பொறுமையாகப் பாருங்கள். ஆறு பக்கப் படிகம் தெரிகிறதா? பக்கங்களில் கோடுகள் நீளவாக்கில் ஓடி, முனை தட்டையாக இருந்தால் பெரில் குடும்பமாக இருக்கலாம், ஆக்வாமரைனும் அந்தக் குடும்பம்தான். கோடுகள் குறுக்குவாக்கில் ஓடி, முனை கூராக இருந்தால் குவார்ட்ஸ்.

ஃபெல்ட்ஸ்பாரைத் திருப்பும்போது உள்ளே நீலமோ வெண்மையோ கலந்த ஒளி நகர்ந்தால், அது சந்திரகாந்தக்கல்.

படி 4: வீட்டில் சோதிப்பது

கடினத்தன்மைக்கு 1812இல் ஃபிரெட்ரிக் மோஸ் வகுத்த அளவுகோலே போதும். எண் கூடினால் கடினமும் கூடும்; கடினமானது மென்மையானதைக் கீறும். நகம் 2.5, கத்தி, கண்ணாடி ஏறத்தாழ 5.5, ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7, பெரில் 7.5 முதல் 8 வரை, குருந்தக்கல் 9. கத்தியால் கீறல் விழுந்தால் அது குவார்ட்ஸ் இல்லை. கீறிய இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு லென்ஸில் பாருங்கள். பல நேரம் கத்தியின் உலோகம்தான் கல்லில் கோடாக ஒட்டியிருக்கும்.

அடுத்தது அடர்த்தி. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. சமையலறை டிஜிட்டல் தராசில் கல்லை உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்து, தராசைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 53 கிராம் கல் 20 காட்டினால், 2.65. அது குவார்ட்ஸின் எண். சந்திரகாந்தக்கல் 2.6க்குக் கொஞ்சம் கீழே, குருந்தக்கல் 4. கல்லில் வேறு பாறை ஒட்டியிருந்தால் கணக்கு தவறிவிடும். சில கிராம் மட்டுமே உள்ள சிறு கல்லுக்குச் சமையலறைத் தராசு போதாது.

சிவப்புக் கல்லைக் கண்டதும் மாணிக்கம் (சிவப்புக் குருந்தக்கல்) என்று மனம் துள்ளும். இந்தப் பக்கத்துப் பாறைகளில் சிவப்பாகத் தெரிவது பெரும்பாலும் கார்னெட். அதன் அடர்த்தியும் 4ஐ ஒட்டியே வருவதால் தராசு இங்கே உதவாது. அந்தச் சிவப்புக் கல்லால் வெங்கச்சங்கல்லைக் கீறிப் பாருங்கள். குருந்தக்கல் எளிதாக ஆழமாகக் கீறும். கார்னெட் கீறினாலும் கஷ்டப்பட்டுத்தான் கீறும். வடிவமும் சொல்லிவிடும்: கார்னெட் பல முகங்கள் கொண்ட உருண்டை, குருந்தக்கல் ஆறு பக்கப் பீப்பாய்.

படி 5: எழுதி வைப்பது

கல்லின் மூலையில் ஒயிட்னரால் ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் எண் எழுதுங்கள். அதே எண்ணின் கீழ் நோட்டில் ஊர், நாள், செல்பேசி காட்டும் இட அளவு, கிணற்று மேடா உழவுக்காடா, கூடவே என்ன பாறை இருந்தது என்று குறியுங்கள். எங்கே கிடைத்தது என்று தெரியாத அழகான கல்லைவிட, இடம் குறித்த சாதாரணக் கல்லுக்கு என் பெட்டியில் நல்ல இடம் உண்டு. சித்தம்பூண்டியில் எடுத்தது என்று ஒரு வெண்பாறையின்மேல் எழுதியிருந்தால், நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்த அனார்த்தொசைட் அது என்று தெரிந்துவிடும். நிலவு மண்ணுக்கு மாற்றாக இஸ்ரோ அரைத்துப் பயன்படுத்தியதும் நாமக்கல் மாவட்டத்தின் இந்தப் பாறையைத்தான். எழுதாவிட்டால் அது வெறும் வெள்ளைக்கல்.

சுத்தம் செய்ய தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும். ஆசிட் வேண்டாம். தேய்ப்பதோ அறுப்பதோ என்றால் ஈரத்தில் மட்டும் செய்யுங்கள். குவார்ட்ஸ் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

சோதித்தும் பிடிபடாத கல்லை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நிலவியல் பிரிவில் உள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சேலம் பக்கம் இருப்பவர்கள் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையில் கேட்டுப் பார்க்கலாம். போகும்போது கல்லோடு, அது ஒட்டியிருந்த பாறைத் துண்டையும் நோட்டையும் எடுத்துப் போங்கள். அவர்கள் முதலில் கேட்பது "எங்கே கிடைத்தது?" என்றுதான்.